சர்வரில் தேர்தல்: புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் சர்வர், அதாவது பலர் சேர்ந்து விளையாடும் இணைய உலகம், மைன்கிராஃப்ட் என்ற கட்டுமான விளையாட்டில் ஓடுகிறது. குமரி மாவட்டத்தை ஏறக்குறைய அப்படியே கட்டிவைத்திருக்கிறோம். மேற்கே தேங்காய்ப்பட்டணம், குளச்சல் துறைமுகங்கள், மலைப்பக்கம் பேச்சிப்பாறை அணையும் குலசேகரத்து ரப்பரும், கிழக்கே ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள், நடுவில் நாகர்கோவில். ஊருக்கு ஒரு தலைவர், எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரு மன்றம், அதற்கு மேல் மாவட்டத் தலைவர். எல்லாப் பதவிக்கும் தேர்தல் உண்டு. வீடு கட்ட வந்த பலர் அரசியலில் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குக் கூரை போடாமலேயே திரிகிறார்கள். நீங்களும் அந்தக் கூட்டத்தில் சேருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

கட்டுமான விளையாட்டில் தேர்தல் எதற்கு?

அடித்துக்கொள்ள விஷயம் இருப்பதால்தான். எங்கள் சர்வரில் டவுனி என்ற பிளக்இன் (விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) இருக்கிறது. நிலத்தை அது பதினாறுக்குப் பதினாறு கட்டங்களாகப் பிரிக்கும். குடியிருப்பவர்களிடம் நாள்தோறும் வரி பிடிக்கும், ஊர் கஜானாவிலிருந்து பராமரிப்புச் செலவையும் எடுக்கும். கஜானா காலியானால் ஊரே கலைந்துவிடும். வரி எவ்வளவு, எந்த மனை யாருக்கு என்பதெல்லாம் ஊர்த் தலைவர் கையில். அந்தத் தலைவர் யார்? ஊரை முதலில் தொடங்கியவர். டவுனிக்குத் தேர்தல் என்றால் என்னவென்றே தெரியாது. இருப்பவராக மனமிரங்கிக் கொடுத்தால்தான் பதவி மாறும். ஆகவே ஆரம்பத்தில் வந்தவர் குளச்சல் துறைமுகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், பின்னால் வந்தவர்களெல்லாம் அவருக்கு வாடகைக்காரர்கள். அந்த மனத்தாங்கலில் பிறந்ததுதான் எங்கள் தேர்தல்.

ஆனால் ஜெயித்தவருக்கு நிஜமான அதிகாரம் இல்லையென்றால் தேர்தல் வெறும் பட்டமளிப்பு விழாவாகிவிடும். இங்கே தலைவர் வரியை ஏற்றலாம், இறக்கலாம். மனைகளுக்கு விலை வைக்கலாம். துறைமுகச் சுங்கம் வசூலிக்கலாம். பொதுப்பணத்தில் சாலை போடலாம், அணைத் தண்ணீரை எந்த வாய்க்காலில் விடுவது என்று முடிவு செய்யலாம். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற சண்டை நிஜத்தில் எவ்வளவு பழையதோ, சர்வரிலும் அவ்வளவு பழையது. ஒருவரைத் தடை செய்வது, உடைந்ததை மீட்பது, திருட்டை விசாரிப்பது ஆகியவை மட்டும் சர்வரை நடத்தும் அட்மின்களிடம் இருக்கும்.

வேறு விளையாட்டுகளில் இப்படி உண்டா?

உண்டு. ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் 2008 முதல் விளையாடுபவர்களே ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த மன்றம் விளையாட்டைத் தயாரிக்கும் ஐஸ்லாந்து நிறுவனத்திடம் நேரடியாகப் பேசும். பெரிய கூட்டணிகள் தங்கள் ஆட்களுக்கு யாருக்கு எந்த வரிசையில் ஓட்டுப் போட வேண்டும் என்று பட்டியலே எழுதிக் கொடுத்துவிடும். அரசியல் எங்கே போனாலும் அரசியல்தான். 2002-இல் தொடங்கிய நேஷன்ஸ்டேட்ஸில் ஒவ்வொருவருக்கும் ஒரு நாடு. ஒரு வட்டாரத்தில் அதிக ஆதரவு பெற்ற நாடு அந்த வட்டாரத்தின் பிரதிநிதி. ஈகோ என்ற விளையாட்டில் ஒரு விண்கல் வந்து மோதுவதற்குள் ஊர் கூடிச் சட்டம் இயற்ற வேண்டும், இயற்றிய சட்டத்தை விளையாட்டே அமல்படுத்தும். மரம் வெட்டத் தடை என்று சட்டம் போட்டால் கோடரி வேலை செய்யாது. எங்களுக்கு அந்த வசதி இல்லை. மைன்கிராஃப்ட்டில் சட்டத்தை மனிதர்தான் காக்க வேண்டும். வேடம் போட்டு விளையாடும் எங்கள் சர்வரில் வழக்கறிஞர் வேடத்துக்குக் கிராக்கி அதிகம் என்பதற்கு அதுதான் காரணம்.

ஓட்டு யாருக்கு உண்டு? ஒரே ஆள் பத்துக் கணக்கு வைத்து வந்தால்?

வாக்காளர் பட்டியல் வேட்புமனு நாளன்றே மூடப்படும். அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் குறைந்தது பத்து மணி நேரம் சர்வரில் இருந்தவர்கள் பட்டியலில் வருவார்கள். கள்ளக் கணக்கைத் தடுக்க இதைவிட நல்ல பூட்டு எனக்குத் தெரியாது. பத்துக் கணக்கையும் பத்துப் பத்து மணி நேரம் ஓட்ட யாருக்கும் பொறுமை இருக்காது.

இணைய இணைப்பின் ஐபி முகவரியை வைத்து ஏன் பிடிக்கவில்லை என்று ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது கேட்பார்கள். மொபைல் நெட்வொர்க்கில் ஒரே பொது முகவரியை ஏராளமானவர்கள் பகிர்ந்துகொள்வது வழக்கம். மார்த்தாண்டத்தில் ஒருவரும் தக்கலையில் ஒருவரும் ஒரே முகவரியில் தெரியலாம். கல்லூரி ஹாஸ்டல் வைஃபையில் மொத்த மாடிக்கும் ஒரே முகவரிதான். வீட்டில் ஒரே கம்ப்யூட்டரை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் அண்ணன் தங்கைகளும் இருக்கிறார்கள். முகவரி ஒத்துப்போவது சந்தேகத்துக்குத்தான் காரணம், தண்டனைக்கு அல்ல. இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் வெவ்வேறு இடங்களில் தெரிந்திருக்கிறார்களா, வாய்ஸில் (குரல் அரட்டையில்) இரண்டு குரல் கேட்டதா என்று பார்ப்போம். அதற்கு மேல் துருவ மாட்டோம். ஆதார் அட்டை, கல்லூரி அடையாள அட்டை எதையும் யாரும் உங்களிடம் கேட்கக் கூடாது. கேட்டால் உடனே புகார் செய்யுங்கள்.

நான் வளைகுடாவில் இருக்கிறேன். எனக்கு எப்படி?

அதை மனதில் வைத்துத்தான் வாக்குப்பதிவு ஒரே மாலையில் முடியாமல், வியாழன் இரவு தொடங்கி ஞாயிறு இரவு வரை நடக்கிறது. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சவுதியும் குவைத்தும் இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே வெள்ளி, சனி விடுமுறை, அமீரகத்தில் சனி, ஞாயிறு. வியாழன் முதல் ஞாயிறு என்றால் எல்லாருக்கும் ஒரு விடுமுறை நாள் சிக்கிவிடும். வேட்பாளர் விவாதம் இந்திய நேரம் இரவு பத்தரைக்கு. ஆழ்கடல் மீன்பிடிக்கப் போகும் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று வாரம் கரைக்கே வராமல் இருக்கலாம். அவர்களுக்குப் பட்டியல் மூடிய நாள் முதலே முன்கூட்டி ஓட்டுப் போட வழி உண்டு. ஃபோனில் விளையாடுபவர்களும் கைசர் என்ற இணைப்பு மென்பொருள் வழியாக உள்ளே வரலாம், ஓட்டில் வித்தியாசம் கிடையாது.

ஓட்டை எப்படி எண்ணுகிறீர்கள்? அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பதில்லையாமே?

சில சமயம் ஜெயிப்பதில்லை, ஆமாம். தேர்தலுக்குத் தேர்தல் பெரிய சண்டை வருவது இதில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓட்டுச்சீட்டில் ஒருவருக்கு டிக் அடிப்பதில்லை. பிடித்த வரிசையில் 1, 2, 3 என்று எண் போடுகிறீர்கள். ஒரு ஊரில் 40 ஓட்டு என்று வையுங்கள். ரப்பர் வியாபாரிக்கு 16, மீனவர் அணித் தலைவிக்கு 13, அவருடைய பழைய கூட்டாளிக்கு 11. பழைய முறையில் ரப்பர்காரர் ஜெயித்திருப்பார், மீனவர் பக்கம் ஓட்டு இரண்டாகப் பிரிந்துபோனதால் மட்டும். எங்கள் முறையில் கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு, அவருடைய 11 சீட்டுகளில் இரண்டாவதாக யார் பெயர் என்று பார்ப்போம். 9 பேர் தலைவிக்கும் 2 பேர் ரப்பர்காரருக்கும் போட்டிருந்தால் 22-க்கு 18. தலைவி ஜெயித்துவிட்டார். ரப்பர்காரர் மூன்று நாள் சாட்டில் புலம்புவார். விடுங்கள்.

மன்றத் தேர்தலில் ஒரே தொகுதிக்குப் பல இடங்கள். 60 ஓட்டு, 3 இடம் என்றால் 60-ஐ நான்கால் வகுத்து ஒன்றைக் கூட்டுங்கள்: 16. பதினாறு ஓட்டு சேர்ந்தவர் உள்ளே. அதற்கு மேல் விழுந்த ஓட்டு அடுத்த விருப்பத்துக்கு நகரும். நம் நாட்டில் குடியரசுத் தலைவர் தேர்தலும் மாநிலங்களவைத் தேர்தலும் முன்னுரிமை வாக்கில்தான் நடக்கின்றன, ஆகவே இது ஏதோ வெள்ளைக்காரன் குழப்பம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சீட்டில் நோட்டாவும் உண்டு. 2013-இல் நம் நாட்டில் அது வந்தபோது ஓட்டு எவ்வளவு விழுந்தாலும் முடிவை மாற்றாத ஒன்றாகவே வந்தது. இங்கே நோட்டா முதலில் வந்தால் மறுதேர்தல், பழைய வேட்பாளர்கள் அதில் நிற்க முடியாது.

நான் போட்ட ஓட்டு சரியாக எண்ணப்பட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாங்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் செயலியில் இருக்கும் வாக்கெடுப்பு வசதியை நாங்கள் பயன்படுத்துவதில்லை. யார் எதற்குப் போட்டார் என்பதை அதில் எல்லாரும் பார்க்கலாம். தலைவர் பார்க்கிறார் என்று தெரிந்தால் குடியிருப்பவர் எப்படித் துணிந்து போடுவார்? தனிப் படிவத்தில் ஓட்டுப் போட்டதும் உங்களுக்கு ஒரு குறியீடு வரும். முடிவு அறிவிக்கும்போது பெயர்களை நீக்கிவிட்டு, குறியீட்டோடு எல்லாச் சீட்டுகளையும் வெளியிடுவோம். உங்கள் வரியைத் தேடிப் பார்க்கலாம், மொத்தத்தையும் நீங்களே மறுபடி எண்ணலாம்.

இதில் ஒரு குறை இருக்கிறது. அந்தக் குறியீட்டை ஓட்டை விலைக்கு வாங்கியவரிடம் காட்டி "பார், உனக்குத்தான் போட்டேன்" என்று நிரூபிக்கவும் முடியும். நம்பகமும் ரகசியமும் முழுதாகச் சேர்ந்து வராது. எண்ணுபவர்மேல் சந்தேகம் வந்தால் சர்வரே உடையும், ஓட்டு வியாபாரம் நடந்தால் கதை கொஞ்சம் சுவாரசியமாகும் என்பதால் முதலாவதைத் தடுக்கும் முறையை எடுத்துக்கொண்டோம்.

சமமாக வந்தால்?

குலுக்கல். இந்தியத் தேர்தல் சட்டமும் அதையேதான் சொல்கிறது. நாங்கள் குடம் வைத்து, அதில் பெயர் எழுதிய தாள்களைப் போட்டு, சர்வரில் புதிதாகச் சேர்ந்தவரை எடுக்கச் சொல்வோம். உத்திரமேரூர்க் கல்வெட்டில் உள்ள குடவோலையை நினைத்துச் செய்தது. அந்தக் கல்வெட்டிலிருந்து இன்னொன்றையும் எடுத்திருக்கிறோம்: வாரியத்தில், அதாவது ஊர்க் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் மறுபடி வர முடியாது என்று பத்தாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். உறவினரை நாங்கள் விட்டுவிட்டோம். கணக்குக் காட்டாத தலைவர் மட்டும் அடுத்த முறை நிற்க முடியாது.

தோற்றவர்கள் சர்வரை விட்டே போய்விடுகிறார்களே?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத சர்வர் இரண்டு மூன்று தேர்தலுக்கு மேல் தாங்காது. ஜெயித்தவரைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம், அவருக்கு வேலை இருக்கிறது. தோற்றவருக்கு மறுநாள் உள்ளே வந்தால் செய்ய என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை என்றால் அவர் போவார். அவரோடு அவருக்கு ஓட்டுப் போட்டவர்களும் போவார்கள். பிறகு ஆளும் அணி மட்டும் தனியாக உட்கார்ந்து தனக்குத்தானே கைதட்டிக்கொண்டிருக்கும். விதிகளில் பாதி இதற்காகவே எழுதப்பட்டவை.

இரண்டாவதாக வந்தவர் தானாகவே எதிர்க்கட்சித் தலைவர். ஊர் கஜானாவைத் திறந்து பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு, எடுக்கும் உரிமை இல்லை. கணக்குக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். நாடாளுமன்றத்தில் பொதுக்கணக்குக் குழுவை 1967 முதல் எதிர்க்கட்சிக்காரர் நடத்துவது மரபு, அதைப் பார்த்துச் செய்தோம். வாரம் ஒருமுறை வாய்ஸில் கேள்வி நேரம். எதிர்க்கட்சித் தலைவர் கேட்கும் முதல் மூன்று கேள்விக்குத் தலைவர் நேரில் வந்து பதில் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து வராவிட்டால் நம்பிக்கையில்லாத் தீர்மானம் தானாகவே பட்டியலில் ஏறிவிடும். ஜெயித்தவர் தோற்றவரின் மனையைப் பறிக்கவோ, அவருக்கு மட்டும் வரியை ஏற்றவோ முடியாது. வரி என்றால் எல்லாருக்கும் ஒன்றே.

ஒரு ஊரில் தோற்றவர் இன்னொரு ஊரின் இடைத்தேர்தலில் நிற்கலாம், அங்கே குடியிருக்க வேண்டியதில்லை. "வந்தேறிக்கு எங்க ஊர்ல என்ன வேலை" என்று முனகுபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 1967-இல் விருதுநகரில் தோற்ற காமராஜரை, நாகர்கோவில் எம்.பி. நேசமணியின் மறைவால் வந்த 1969 இடைத்தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது நம் நாகர்கோவில் தொகுதிதான். 1971-இலும் அவரையே அனுப்பியது.

நிஜக் கட்சிகளின் பெயரில் நிற்கலாமா?

கூடாது. கொடி, சின்னம், தலைவர் படம், முழக்கம் எதுவும் கூடாது. அதைவிடக் கண்டிப்பாக, சாதியும் மதமும் கூடாது. கோயில், தேவாலயம், பள்ளிவாசல் கட்டலாம், அழகாகவும் கட்டியிருக்கிறார்கள். அதை வைத்து அணி சேர்க்கக் கூடாது. கட்டுக்கதையாக ஒரு மதத்தை உருவாக்கிக் கலவரம் நடிப்பதும் கூடாது. மற்ற சர்வர்களில் இதை விட்டுவிடுகிறார்கள் என்று சொல்லாதீர்கள். 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே எல்லாப் பக்கத்திலும் இருக்கிறார்கள். இந்த ஒரு விதிக்கு எச்சரிக்கை கிடையாது, நேராக வெளியே.

அப்படியானால் எதை வைத்து அரசியல்? தொழிலை வைத்து. ரப்பருக்கும் மீனுக்கும் சுங்கம் ஒரே அளவா, தோவாளைப் பூச்சந்தை வரிவிலக்கு தொடரலாமா, காற்றாலை மின்சாரம் யாருக்கு முதலில், அணைத் தண்ணீர் நெல்லுக்கா வாழைக்கா. இவையே ஒரு ஆட்சியைக் கவிழ்க்கப் போதும், கவிழ்த்தும் இருக்கின்றன.

வரலாற்றை வைத்து நடிக்கலாமா?

1741 குளச்சல் போரை நடத்துங்கள், மார்த்தாண்ட வர்மாவாகவும் டச்சுத் தளபதியாகவும் வேடம் போடுங்கள், யாருக்கும் வலிக்காது. எல்லையில் உள்ள ஊர் எந்தப் பக்கம் சேர்வது என்ற வாக்கெடுப்புக் கதை எங்களிடம் நன்றாகப் போகும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தன என்பதை அறிந்த பிள்ளைகளுக்கு அந்தக் கதை தானாக வரும். ஆனால் 1954-இல் அந்த இணைப்புக்கான போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர்களின் பெயரில் வேடம் போடக் கூடாது. அந்தக் குடும்பங்கள் இங்கேதான் இருக்கின்றன.

ஊழல் செய்யலாமா? ஓட்டுக்குப் பணம் கொடுக்கலாமா?

சர்வர் காசில், வேடத்துக்குள், தாராளமாகச் செய்யுங்கள். மாட்டினால் நீதிமன்றம். கஜானாவிலிருந்து வைரக்கட்டி காணாமல் போனதைக் கண்டுபிடிக்க அட்மினிடம் பதிவேடு இருக்கிறது. பெட்டியில் யார் எப்போது கைவைத்தார் என்பதை கோர்புரொடெக்ட் என்ற பிளக்இன் எழுதிவைக்கும். அதை வழக்கில் சாட்சியாகக் கொடுக்க மாட்டோம். கொடுத்துவிட்டால் எதிர்க்கட்சிக்கும் பத்திரிகைக்காரருக்கும் துப்பறிபவருக்கும் வேலை போய்விடும். ஆதாரத்தை விளையாட்டுக்குள் தேடுங்கள். கையெழுத்திட்ட புத்தகம் நல்ல ஆதாரம்: கையெழுத்துப் போட்ட பின் மாற்ற முடியாது, எழுதியவர் பெயர் அதிலேயே இருக்கும், நகலா மூலமா என்பதும் தெரியும். தேர்தல் வாக்குறுதியை அப்படியொரு புத்தகமாக எழுதி மன்ற நூலகத்தில் வைப்பது கட்டாயம் என்பதால், "நான் எப்ப மக்கா அப்படிச் சொன்னேன்?" என்று யாரும் பின்வாங்க முடியாது.

நிஜப் பணம் வேறு விஷயம். ஜிபே, ரீசார்ஜ், கிஃப்ட் கார்டு எதையும் ஓட்டுக்காகக் கொடுத்தால் இருவரும் வெளியே. முடிவின்மேல் பணம் கட்டும் பந்தயமும் அப்படித்தான். பண விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025-இல் வந்துவிட்டது, அந்த வம்பே வேண்டாம். நன்கொடை கொடுத்தவருக்குக் கூடுதல் ஓட்டோ பதவியோ கிடையாது. பணத்துக்கு விளையாட்டுச் சாதகம் விற்பதை மைன்கிராஃப்ட்டின் சொந்த விதியே அனுமதிப்பதில்லை.

வேடத்தில் திட்டியதை நிஜமாக எடுத்துக்கொள்கிறார்கள். என்ன செய்வது?

வேடத்துக்குள் பேசுவதை ஐசி என்றும், வெளியே பேசுவதை ஓஓசி என்றும் சொல்வோம். மன்றத்தில் "கொள்ளைக்காரத் தலைவரே" என்று சொன்னால் அது ஐசி, கைதட்டலுக்குரியது. அவருடைய அப்பா, படிப்பு, ஊர், உச்சரிப்பு என்று போனால் வேடம் கழன்றுவிட்டது. உச்சரிப்பைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. விளவங்கோட்டுப் பக்கத்துப் பேச்சில் மலையாள வாடை அடிக்கும், நாஞ்சில் நாட்டார் அதைக் கிண்டல் செய்வார்கள், பதிலுக்கு அவர்களும் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். நண்பர்களுக்குள் சரி. மேடையில் எதிராளியை மடக்க அதைப் பயன்படுத்தினால் மைக் அணைக்கப்படும். இன்னொன்று: எதிரணியின் டிஸ்கார்ட் அறையில் ஓஓசியாகக் கேட்ட ரகசியத்தை மறுநாள் மேடையில் போட்டு உடைக்காதீர்கள். ஒற்றராக வேடம் போட்டு, விளையாட்டுக்குள் மறைந்திருந்து கேட்டிருந்தால் பிரச்சினை இல்லை.

அட்மின்கள் நிற்கலாமா?

கூடாது. ஆதரவும் தெரிவிக்கக் கூடாது. தேர்தல் அதிகாரியாக இருக்கும் அட்மின் அந்த வாரம் எந்த ஊரிலும் கட்டட வேலைகூடச் செய்ய மாட்டார். முடிவு வந்த ஒரு மணி நேரத்துக்குள் அவர் கட்டளை கொடுத்து ஊர்த் தலைவரை மாற்றிவிடுவார், பழைய தலைவர் சம்மதிக்க வேண்டியதில்லை.

பள்ளிப் பிள்ளைகள்?

ஓட்டு உண்டு. பதவிக்கு நிற்கவும் செய்யலாம். பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு இரவு பத்துக்கு மேல் வாய்ஸ் கிடையாது. விவாதத்தில் பேச வேண்டியதை அவர்கள் முன்பே பதிவு செய்து அனுப்பலாம். பொதுத்தேர்வு நடக்கும் மார்ச், ஏப்ரலில் தேர்தல் வைக்க மாட்டோம், இருப்பவரின் பதவிக்காலம் நீளும். அந்தக் காலத்தில் அவர் வரியை ஏற்ற முடியாது.

சரி, நான் நிற்க வேண்டும். என்ன செய்ய வேண்டும்?

வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பேர் முன்மொழிய வேண்டும், அவர்களில் ஒருவராவது உங்கள் ஊர்க்காரராக இல்லாமல் இருக்க வேண்டும். சர்வர் காசில் ஐந்நூறு டெபாசிட். செல்லுபடியான முதல் விருப்ப ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்கு வராவிட்டால் அது ஊர் கஜானாவுக்குப் போய்விடும். வாக்குறுதிப் புத்தகத்தைக் கையெழுத்திட்டு நூலகத்தில் வையுங்கள். சுவரொட்டிக்குப் பொதுச்சுவர் மட்டும், அடுத்தவர் வீட்டுச் சுவரில் ஒட்டினால் உரித்து உங்கள் வாசலிலேயே போட்டுவிடுவார்கள். வாக்குப்பதிவு தொடங்க 48 மணி நேரம் இருக்கும்போது பிரசாரத்தை நிறுத்திவிடுங்கள். மனுவை டிஸ்கார்டில் தேர்தல் அதிகாரிக்கு அனுப்பினால் அன்றே ஏற்பு அல்லது நிராகரிப்பு, நிராகரித்தால் காரணத்தோடு வரும்.